மூலையில் போட்ட செய்தி

அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் காலையில் பேப்பர் வாங்கிப் படிக்கிற அன்பர்களுக்கு,



“நம்ம ஊரு விசயத்த மூலையில போட்டுட்டான் பாத்தியளா, அண்ணாச்சி?” இந்தக் கேள்வி உங்கள் டீக்கடைகளுக்குப் புதிதல்ல. கிளாஸ் காலியாவதற்குள் பதிலும் வந்துவிடும்: “எவன்ட்டயாவது காசு வாங்கியிருப்பான்.”

காசு வாங்கும் கதை பொய் என்று யாரும் சாதிக்க முடியாது. தேர்தல் நேரத்தில் விளம்பரத்தைச் செய்தியாக வேஷம் கட்டி விற்கிற வியாபாரத்தைப் பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சிலே 2010-இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. ஆனால் வருஷத்தின் 365 நாளும் உங்கள் ஊர்ச் செய்தி ஏன் சிங்கிள் காலம் அகலத்தில் நாலு வரியாகச் சுருங்குகிறது என்பதற்கு அந்தப் பதில் போதாது. அதன் காரணங்கள் பெரும்பாலும் சுவாரசியமில்லாதவை. ஒன்றே ஒன்றுதான் நீங்கள் உண்மையிலேயே கோபப்பட வேண்டியது. அதைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்த மடல்.

முதலில் சாயங்கால நேரத்து செய்தி டெஸ்க்குக்கு வாருங்கள். சப்-எடிட்டர் உட்காரும்போதே அவர் முன்னால் அன்றைய ‘டம்மி’ இருக்கும். எந்தப் பக்கத்தில் எவ்வளவு இடம் என்று காட்டும் வரைபடம் அது. அதில் விளம்பரங்கள் ஏற்கெனவே கட்டம் கட்டி உட்கார்ந்திருக்கும். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவரைப் போல, செய்தி வருவதற்கு முன்பே விளம்பரம் வந்துவிடுகிறது. மிச்சமிருக்கிற இடத்தில்தான் முதலமைச்சரும் மணிமுத்தாறும் கிரிக்கெட்டும் நெருக்கியடித்து நிற்க வேண்டும். நீங்கள் கொடுக்கிற விலையில் காகிதச் செலவே சரியாகத் தேறாது; அச்சு, வண்டி, ஏஜென்ட் கமிஷன், சம்பளம் எல்லாவற்றையும் தாங்குவது விளம்பரம். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்துவிட்டால் செய்திக்கான இடம் கண்ணெதிரே கரையும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தாலுகா ஆபீஸ் பூட்டு, கோர்ட் பூட்டு, கலெக்டர் ஆபீஸ் பூட்டு. திங்கட்கிழமைப் பேப்பருக்கோ பக்கங்கள் நிரம்ப வேண்டும்; செய்தி இல்லையென்று ஒரு தாளை உருவிவிட முடியாது. அன்றைக்கு வாராந்தர மருத்துவ முகாமுக்குக்கூட மூன்று காலம் அகலத்தில் படம் கிடைக்கும். அதே முகாம் பட்ஜெட் நாளில் நடந்தால் ஒரு வரிகூட வராது. முகாமின் தரம் இரண்டு நாளும் ஒன்றுதான்.

அடுத்தது கடிகாரம். ஒரே தேதியிட்ட பேப்பர் ஒரே நேரத்தில் அச்சாவதில்லை. தூரத்து ஊர்களுக்குப் போகும் எடிஷன் முதலில் முடியும். அச்சகம் இருக்கிற நகரத்துக்கான எடிஷன் கடைசியில் முடியும். முன்பெல்லாம் தாலுகா நிருபர் தன் கையெழுத்துப் பிரதியையும் போட்டோவையும் கவரில் போட்டு, திருநெல்வேலி பஸ் கண்டக்டரிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்புவார். ஜங்ஷனில் ஒருவர் காத்திருந்து வாங்கிக்கொள்வார். பஸ் பஞ்சரானால் செய்தியும் பஞ்சர். இப்போது வாட்ஸ்அப்பில் நொடியில் போய்விடுகிறது. ஆனால் டெட்லைன் நகரவில்லை. இரவு பத்து மணிக்கு நடந்த விபத்து திருநெல்வேலி டவுன்காரர் பேப்பரில் இருக்கும், பாபநாசத்துக்காரர் பேப்பரில் இருக்காது என்பதற்கு வேறு மர்மம் இல்லை.

இடமும் நேரமும் செய்தியைத் தள்ளுவதை ஒருவர் ஆதாரத்தோடு பிடித்திருக்கிறார். டேவிட் மானிங் ஒயிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நடுத்தர நகரத்துப் பத்திரிகையில் ஏஜென்சிச் செய்திகளைப் பொறுக்குகிற ஆசிரியரிடம், ஒரு வாரம் முழுக்க வேண்டாமென்று தள்ளுகிற ஒவ்வொரு தாளிலும் காரணத்தை எழுதி வைக்கச் சொன்னார். வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் அச்சேறியது. தள்ளியதற்கான காரணங்களில் சில அந்த மனிதரின் சொந்த விருப்பு வெறுப்பு. ஏராளமான தாள்களில் எழுதியிருந்தது ‘இடமில்லை’. இரவு ஏற ஏற அந்த வார்த்தை அதிகமானது. எட்டு மணிக்கு வந்திருந்தால் நல்ல செய்தி என்று எடுத்திருப்பார், பதினொன்றுக்கு வந்ததால் குப்பைக்கூடை.

செய்தி குறுகுவதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. கோபிக்காமல் கேளுங்கள்.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை, பிசானப் பருவ நடவு தள்ளிப்போகிறது என்று விவசாயிகள் கூடி மனுக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்திலிருந்து நிருபருக்குப் போகிற குறிப்பு எப்படித் தொடங்கும்? இன்னார் தலைமை வகித்தார், இன்னார் முன்னிலை வகித்தார், செயலாளர் வரவேற்றார், பொருளாளர் அறிக்கை வாசித்தார், கலந்துகொண்டவர்கள் பதினாறு பேர், துணைச் செயலாளர் நன்றி கூறினார். தண்ணீர் எத்தனை நாளாக வரவில்லை, எத்தனை ஏக்கர் காய்கிறது, எந்த மடையில் அடைப்பு என்பது கடைசிப் பத்தியில் இருக்கும், அதுவும் இருந்தால். சப்-எடிட்டருக்குப் பத்து வரி குறைய வேண்டும் என்றால் கத்தரி வாலிலிருந்துதான் ஏறும்; உலகம் முழுக்க அதுதான் வழக்கம். முக்கியமானதை முதலில் எழுது என்று நிருபர்களுக்கு அடித்துச் சொல்லித் தருவதே இந்தக் கத்தரிக்குப் பயந்துதான். ஆகவே மறுநாள் பதினாறு பேரும் பேப்பரில் இருப்பார்கள், கால்வாய் இருக்காது. பதினாறு பேரும் ஆளுக்கொரு பேப்பர் வாங்குவார்கள் என்பதும் டெஸ்க்குக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது எல்லாம் தொழிலின் நெளிவு சுளிவு. விளம்பரமும் கடிகாரமும் கத்தரியும் சென்னைக்காரரையும் பாடாய்ப் படுத்துகின்றன. அவற்றுக்காக யார்மேலும் வழக்குப் போட முடியாது. இனி வருவது வேறு.

பெரிய தமிழ் நாளிதழ்கள் பல ஊர்களில் அச்சாகின்றன. திருநெல்வேலிப் பதிப்பு உங்களுக்கு; மதுரைப் பதிப்பு, கோவைப் பதிப்பு, சென்னைப் பதிப்பு மற்றவர்களுக்கு. முதல் பக்கமும் மாநில, தேசியச் செய்திகளும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. உள்ளே உள்ள மாவட்டப் பக்கங்கள் அந்தந்த ஊருக்கு மட்டும். உள்ளூர்ச் செய்திக்கு இவ்வளவு இடம் கிடைத்தது இந்த ஏற்பாட்டால்தான். அந்தப் பத்திரிகைகள் பிறந்த கதையையும் பாருங்கள். காயாமொழியில் பிறந்த சி.பா.ஆதித்தனார் 1942-இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். டி.வி.ராமசுப்பையர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ‘தினமலர்’ 1957-இல் திருநெல்வேலிக்கு வந்தது. ‘தினமணி’யின் முதல் ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கம் தென்காசிக்காரர். தமிழ்ப் பத்திரிகைத் தொழிலில் இந்தத் தெற்குச் சீமையின் கை இல்லாத இடம் குறைவு. சென்னைக்காரன் நம்மை மதிக்கவில்லை என்று பொத்தாம்பொதுவாகப் புலம்புவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த மாவட்டப் பக்கத்துக்கு வேலி உண்டு. உங்கள் ஊர்ச் செய்தி உங்களுக்குப் பெரிதாகத் தெரிவதே, அது உங்கள் பதிப்பில் மட்டும் இருப்பதால்தான். அரைப்பக்கம் வந்த செய்தியை மதுரைக்காரர் பார்த்திருக்கமாட்டார். ‘பேப்பர்ல வந்துட்டு’ என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். முடிவெடுக்க வேண்டிய அதிகாரி சென்னையில் உட்கார்ந்து படிக்கிற பேப்பரில் அது கிடையாது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் இந்த வேலி இன்னும் கிட்டே வந்தது. தென்காசிப் பக்கம் போன கடையத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், மலை ஒன்றுதான், யானையும் சிறுத்தையும் மாவட்டம் பார்த்து இறங்குவதில்லை. பத்திரிகைக் கணக்கில் மாவட்டம் பிரிந்தால் பக்கமும் பிரியும்.

வேலியை எது தாண்டுகிறது என்பதை 2023 மார்ச்சில் உங்கள் ஊரே காட்டியது. அம்பாசமுத்திரம் உட்கோட்டத்துக் காவல் நிலையங்களில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பற்களைப் பிடுங்கியதாக, அப்போதைய உதவி காவல் கண்காணிப்பாளர் பல்வீர் சிங் மீது புகார் எழுந்தது. குற்றச்சாட்டு உண்மையா என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. இங்கே பார்க்க வேண்டியது செய்தி நடந்த பாதை. புகாரில் சொல்லப்பட்ட சம்பவங்களில் சில மார்ச் மாதத் தொடக்கத்திலேயே நடந்தவை. பாதிக்கப்பட்டவர்கள் வாயைத் திறந்து காட்டிப் பேசிய வீடியோ பரவியது மார்ச் கடைசி வாரத்தில். மாவட்ட ஆட்சியர் சேரன்மகாதேவி சார் ஆட்சியரை விசாரிக்கச் சொன்னார். மார்ச் 29 அன்று சட்டமன்றத்தில் கவன ஈர்ப்பு வந்து, அந்த அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்ய உத்தரவிட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். பிறகு உயர்நிலை விசாரணைக்கு அமுதா ஐஏஎஸ் நியமிக்கப்பட்டார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

முதலமைச்சர் சட்டமன்றத்தில் பேசிய விஷயத்தை எந்தப் பதிப்பும் விட முடியாது. அந்த நிமிஷத்தில் அது அம்பாசமுத்திரம் செய்தியாக இருந்தது போய், சென்னைச் செய்தியாக மாறுகிறது. பல் போனது அம்பாசமுத்திரத்தில். ஆனால் அதை எல்லாப் பதிப்புக்கும் தூக்கிக்கொண்டு போனது கோட்டையில் விழுந்த ஒரு வாக்கியம்.

இடையில் இருந்த நாட்களுக்கு என்ன அர்த்தம்? ஒரு தாலுகா நிருபரின் நாளை நினைத்துப் பாருங்கள். பல பேருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்குக் கணக்குப் பார்த்துக் கொஞ்சம் பணம், மீதிக்கு விளம்பரம் பிடித்த கமிஷன். விபத்து, திருட்டு, கஞ்சா, கைது என்று அன்றாடம் அவருக்குச் செய்தி தருகிற இடம் காவல் நிலையம். தினமும் போன் எடுத்துப் பேசுகிற இன்ஸ்பெக்டர் நாளையும் எடுக்க வேண்டும். அந்த நிலையத்தைப் பற்றியே எழுத வேண்டுமென்றால், எழுத்தில் புகார், மருத்துவச் சீட்டு, பெயர் சொல்லிப் பேச ஒருவர் என்று எல்லாம் கையில் இருந்தால்தான் டெஸ்க் தொடும். அவதூறு வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு அலையப்போவது யார்? ஆகவே செய்தி காத்திருக்கிறது. யாரோ ஒருவர் முதலில் பகிரங்கமாகச் சொல்லட்டும், பிறகு ‘அவர் சொன்னார்’ என்று எழுதிக்கொள்ளலாம். இந்தக் காத்திருப்பில் சதி ஏதும் இல்லாமல் இருக்கலாம். அதனால் அது சரியாகிவிடாது.

சில செய்திகளுக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது. அதே 2023-இல் அரிக்கொம்பன் வந்தது. சின்னக்கானலில் பிடித்து பெரியாறு காட்டில் விட்ட யானை, மே கடைசியில் கம்பம் ஊருக்குள் நடந்து வந்தது. ஜூன் 5 அன்று மறுபடி மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, மணிமுத்தாறு வழியாக மலைக்குக் கொண்டுவந்து களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். லாரி எந்த ஊரைத் தாண்டுகிறது என்பது நேரலையாக ஓடியது. யானைக்குப் பெயர் இருந்தது, படம் இருந்தது, கேரளம், தமிழ்நாடு என்று இரண்டு மாநிலம் இருந்தது, நீதிமன்ற வழக்கு இருந்தது, அடுத்த நாள் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருந்தது. செய்தி டெஸ்க் ஆசைப்படுகிற அத்தனையும் ஒரே உருப்படியில். அந்த யானைக்குக் கிடைத்த இடத்தைப் பொறாமையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதே காட்டு ஓரத்தில் வருஷா வருஷம் பன்றி தோண்டிப் போட்ட கிழங்குக்கும் யானை முறித்த வாழைக்கும் பெயரும் இல்லை, நேரலையும் இல்லை. தினமும் நடப்பது செய்தியாவது எந்த ஊரிலும் கஷ்டம்.

மழையும் அப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டியது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். சென்னையை மூழ்கடித்த 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் பதிவானது 49. ஆனாலும் ‘பெருவெள்ளம்’ என்றால் தமிழ்நாட்டுக்காரர் மனதில் முதலில் வருகிற வருஷம் 2015. அதற்குக் காரணம் தண்ணீர் மட்டுமல்ல. தலைமை அலுவலகம் நனைந்தால் செய்தியும் சேர்ந்து நனைகிறது. அந்த வெள்ளத்தில் ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பே ஒரு நாள் அச்சாகவில்லை. டெஸ்க்கில் உட்காருகிறவரின் சொந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்று, சுமார் 800 பயணிகள் சிக்கியபோது அதற்கும் முதல் பக்கம் கிடைத்ததே என்பீர்கள். கிடைத்தது, ரயில், பயணிகள், ஹெலிகாப்டர் என்று சொல்லத்தக்க கதை அங்கே இருந்தது. சத்தமில்லாமல் மண் மூடிப்போன வயலுக்கு அது இல்லை.

அன்றைய மற்ற செய்திகளும் ஒரு செய்தியை அமுக்கும். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காகவும் சிறையில் இருந்தவர்களை விடுவிக்கவும் திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் தடியடி. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின, ஒரு சின்னக் குழந்தை உட்பட. கார்கில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த வாரம் அது. ஜூலை 26 அன்றுதான் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் பத்திரிகைகள் எல்லாம் எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். எந்தச் செய்தியும் தனியாக எடை போடப்படுவதில்லை. அன்றைக்கு வேறு என்ன நடந்தது என்பதையும் வைத்துத்தான் அதன் நீள அகலம் அமைகிறது. ஆனால் அடுத்த மாதம், அடுத்த வருஷம், விசாரணை ஆணையம் உட்கார்ந்தபோது, அறிக்கை வந்தபோது கார்கில் இல்லை. ஒரு செய்தியை முதல் நாள் எந்தப் பக்கத்தில் போட்டார்கள் என்பதைவிட, ஐம்பதாவது நாள் திரும்பிப் போய் எழுதினார்களா என்பதுதான் பெரிய கேள்வி. முதல் நாள் இடத்தைக் கடிகாரமும் விளம்பரமும் பறிக்கலாம். ஐம்பதாவது நாளைப் பறிப்பது மறதி.

நடுவில் ஒரு சின்ன விஷயம். உங்கள் பதிப்பில் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணைகளின் உயரத்தைச் சொல்லி, அன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், நாலுமுக்கிலும் ஊத்திலும் பெய்த மழை எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டியில் அடைத்துப் போடுவார்கள். தலைப்பு பெரிதாக இருக்காது, படம் கிடையாது, எழுதியவர் பெயர் கிடையாது. கார் சாகுபடிக்கோ பிசானத்துக்கோ நாற்றங்கால் போட்டவர் முதலில் தேடுவது அதைத்தான். சின்ன இடம் என்பது சின்ன மரியாதை என்று அர்த்தமில்லை. நிலையான இடம், தினமும் தவறாத இடம் என்பது முதல் பக்கத்துக்குக் குறைந்ததல்ல. மாவட்ட டெஸ்க்குகள் செய்கிற நல்ல காரியம் இது, பாராட்ட வேண்டும்.

ஆகவே நீங்கள் அடுத்த தடவை டெஸ்க்குக்குப் போன் போடும்போது “ஏன் மூலையில போட்டீங்க?” என்று கேட்காதீர்கள். மூலைக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், அதில் தொள்ளாயிரம் உண்மையாகவும் இருக்கும். “எத்தனை பதிப்பில் வந்தது?” என்று கேளுங்கள். காவல் நிலையத்தில் அடி, ஆற்றில் கழிவு, மலையில் வெளியேற்றம் போன்றவை ஒரு மாவட்டத்தின் சொந்தக் கவலை அல்ல. அவை மாநிலப் பக்கத்துக்குப் போக வேண்டியவை. அங்கே நாலு வரி வந்தாலும் உங்கள் மாவட்டப் பக்கத்தில் வருகிற அரைப்பக்கத்தைவிட வேலை செய்யும். இப்போது எல்லாப் பதிப்பையும் இ-பேப்பரில் புரட்டிப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் ஒரு மாதம் உட்கார்ந்து, திருநெல்வேலிப் பதிப்பில் வந்த அம்பாசமுத்திரம் செய்திகளில் எத்தனை சென்னைப் பதிப்பில் ஏறின என்று எண்ணிப் பார்த்தால், டீக்கடை வாதத்துக்குக் கையில் கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கோடு ஆசிரியருக்கு எழுதுகிற கடிதத்தை ஒதுக்குவது அவ்வளவு சுலபமல்ல.

குறிப்பு எழுதிக் கொடுக்கிறவர்கள் பிரச்சினையை முதல் வரியிலும் பெயர்களைக் கடைசி வரியிலும் எழுதுங்கள். மதியத்துக்குள் கொடுங்கள். புகாரின் நகல், மனுவின் ரசீது எண், தேதி போட்ட போட்டோ என்று எது இருக்கிறதோ இணையுங்கள். நிருபர் தன் டெஸ்க்கோடு மல்லுக்கட்ட அவருக்கு அது ஆயுதம். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து அதே நிருபரைக் கூப்பிட்டு, மனு என்ன ஆயிற்று என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கு நாற்பது ஊர், உங்களுக்கு ஒரு ஊர்.

உடனே தொடங்க ஒரு செய்தியும் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலைத் தோட்டங்களின் கெடு 2028-இல் முடிகிறது. 2024-இலேயே தோட்டக் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களை அனுப்பத் தொடங்கிவிட்டது. தலைமுறைகளாக மேலே இருந்த குடும்பங்கள் எங்கே போயின, வீடு கிடைத்ததா, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்பதை மலையடிவாரத்தில் இருக்கிற நீங்கள்தான் முதலில் அறிவீர்கள். அதை இப்போதே எழுதிக் கொடுக்க ஆரம்பியுங்கள். 2028-இல் கோட்டையிலிருந்து ஏதாவது அறிவிப்பு வந்து, அன்று மலையேறி வரப்போகிற சென்னை நிருபர்களுக்கு முன்னால், திருநெல்வேலிப் பதிப்பின் பழைய தாள்களில் அந்தக் குடும்பங்களின் கதை தேதி வாரியாக இருக்கட்டும்.

அன்புடன்,
செய்தி டெஸ்க்கின் வழக்கங்களை அறிந்த ஒரு வாசகர்